பாறையில் எழுதிய முகவரி

தங்கச்சன் ஸ்டோருக்குள் வந்தபோது கதவைத் தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. தலையில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டே பேசினார்.

“சேச்சி, கீழ் வழியில ஆன நிக்குது. ஓடை வளைவுல. பெருசு ரெண்டு, கூட ஒரு குட்டி. வெரசா அதுல போடு.”

அது என்று அவர் காட்டியது என் மடிக்கணினியை. அதன் திரை கறுத்துக் கிடந்தது. சற்று முன்பு இடி இடித்தபோதே கரண்ட் போய்விட்டது. அதே இடியில் போன் சிக்னலும் போயிருந்தது.

தங்கச்சன் எங்கள் ஏலத் தோட்டத்து வாட்சர். யானை எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அந்த நேரத்தில் ஊத்துப் பிளாக்கில் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் கீழ் வழியாகத்தான் ஸ்டோருக்கு வந்து ஜீப்பு ஏறுவார்கள். ஓடை வளைவு அந்த வழியின் பாதியில் இருக்கிறது. வேலை முடிய அதிக நேரமில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் தங்கை ராணி.

நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது.

பேசாத வேலை

இந்தத் தொடரில் என் வேலையைப் பற்றி எடை மேடையோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். ‘ஸ்டோரில் கம்ப்யூட்டர் எதற்கு?’ என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்த நாளைச் சொல்ல முடியாது.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பட்டா மனு, பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, எல்லாம் அடித்திருக்கிறேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் கேள்வி கேட்டால் பதிலைத் தட்டினால் போதும். அதனாலேயே அது பிடித்துப்போனது.

கடை மூடியபின் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம். காலையில் போடியில் ஜீப்பு ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி மேலே வந்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவோம். ராணி காய் எடுக்கப் போவாள். நான் ஸ்டோரில் எடை போடுவேன். ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் இங்கே ஸ்டோர் என்று பெயர். உள்ளே எப்போதும் கதகதப்பும், கண்ணைக் கரிக்கும் வாசமும் இருக்கும்.

யானைக்கு முன்பெல்லாம் சைரன் வைத்திருந்தார்கள். ஒருமுறை சைரன் ஊதியதும் மிரண்டுபோன யானைகள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பக்கமாக ஓடின. மாட்டுக் கொட்டகை ஒன்று தரைமட்டம். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அன்றைய நல்ல நேரம். அதோடு சைரனைக் கழற்றிவிட்டார்கள்.

சத்தமில்லாமல் சேதி சொல்ல என்ன வழி என்று பேச்சு வந்தது. இந்தப் பக்கத்தில் போன் சிக்னல் பாதி நாள் இருக்காது. ஆனால் திருட்டுக்குப் பயந்து கேமரா மாட்டியபோது, ஒவ்வொரு பிளாக் முனையிலும் கம்பம் நட்டு, சூரியத் தகட்டோடு வைஃபை பெட்டி வைத்திருந்தார்கள். ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்தால், வெளி இணையம் இல்லாமலே அந்தக் கம்பத்தடியில் நின்று போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மேல் வழி போகலாமா, கீழ் வழி போகலாமா. அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

யார் செய்வது என்று மேனேஜர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் திறந்த பக்கம்

ஆபீஸ் மடிக்கணினியில் விண்டோஸ் இருந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து சர்வர் மென்பொருளை இறக்கி, பக்கத்தை எழுதி வைத்தேன். என் திரையில் அழகாகத் திறந்தது. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்களை வரச்சொல்லி அவர்கள் போனில் திறக்கச் சொன்னேன். ஒருவர் போனிலும் வரவில்லை.

“நீ மட்டும் பாக்கறதுக்கு எதுக்குக்கா இம்புட்டு வயரு?” என்றாள் ஒருத்தி.

“அவளே எழுதி அவளே படிச்சுக்குவா. நமக்குச் சோலியக் கெடுக்காம இருந்தாச் சரி,” என்றது என் தங்கைதான்.

கம்ப்யூட்டருக்குள் தீச்சுவர் என்று ஒரு காவல் உண்டு. வெளியிலிருந்து வருபவர்களை அது உள்ளே விடாது. சர்வருக்கு வருபவர்களை மட்டும் விடு என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு எடை மேடைப் பக்கம் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டிக் கம்ப்யூட்டரிலும் ஒன்று அமைத்தேன். மடிக்கணினி ஆபீசுக்குப் போகும் நாட்களில் உதவும் என்று. அதில் லினக்ஸ் போட்டேன். அங்கே எல்லாம் கறுப்புத் திரையில் எழுத்தாகத்தான். கடவுச்சொல் கேட்கும். தட்டினால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு விசையாகக் கழற்றித் துடைத்தேன். அது அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவதாக என் போனிலும் ஒரு சிறு சர்வர் செயலியைப் போட்டுப் பார்த்தேன். அது வீட்டில் விளையாட்டாகச் செய்தது.

மஞ்சள் பெயிண்ட்

சர்வருக்கு ஒரு முகவரி உண்டு. வீட்டு எண் மாதிரி. எங்களுடையது 192.168.1.10. புள்ளிகளோடு இதை மனப்பாடம் செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்?

செல்லையா கங்காணி அதற்கு வழி சொன்னார். எங்கள் தோட்டத்தில் எதையும் பெயிண்டில் எழுதி வைப்பதுதான் வழக்கம். பிளாக் எண், எல்லைக் குறி, மருந்தடித்த வரிசை, குடிக்கக்கூடாத ஊற்று, எல்லாம் பாறையிலோ மரத்திலோ இருக்கும். அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஒவ்வொரு கம்பத்தடியிலும் உள்ள பாறையில் பிளாக் எண்ணுக்குக் கீழே மஞ்சள் பெயிண்டில் அந்த முகவரியை எழுதிவிட்டு வந்தார். புள்ளிகளை எலுமிச்சம்பழம் அளவுக்குப் போட்டிருந்தார்.

“மழைக்கும் அழியாது, வெயிலுக்கும் அழியாது,” என்றார்.

பாறையில் இருப்பது அழியாது. ஆனால் அந்த எண்ணை சர்வருக்குக் கொடுப்பது ஸ்டோரிலிருக்கும் ரூட்டர். அது அணைந்து எழுந்தால், யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த எண்ணைத் தூக்கிக் கொடுக்கும். வழக்கமாக மடிக்கணினிதான் முதல் ஆள். அதனால் ஒவ்வொரு முறையும் அதே எண் கிடைத்தது. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. பாறையில் எழுதியாகிவிட்டது, அப்புறம் மாறுமா என்ன.

மூன்று பெட்டிகள்

“ஒச்சை வேண்டா, சத்தமே கூடாது. ஆரும் கூப்பிடண்டா. குட்டி இருக்கு, விடாது,” என்றார் தங்கச்சன். “நான் மேல் வழியா சுத்திப் போறேன். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது. நீ போடு.”

மேல் வழி மலையைச் சுற்றிக்கொண்டு போகும். அவர் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் இறங்கிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போய்விட்டார்.

ரூட்டருக்குச் சிறு பேட்டரி உண்டு. இடியில் அணைந்திருந்ததைப் பேட்டரியில் மாட்டி எழுப்பியிருந்தேன். மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதை எடை மேடையின் யுபிஎஸ்ஸில் செருகினேன். திரை வந்தது. திடீரென்று அணைந்ததால் உள்ளே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருப்பதாகவும், அணைக்க வேண்டாம் என்றும் எழுத்து வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அதை விட்டுவிட்டு, அதே யுபிஎஸ்ஸில் இருந்த பழைய பெட்டிக் கம்ப்யூட்டரைத் தட்டினேன். யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. கடவுச்சொல் கேட்டது. கண்ணுக்குத் தெரியாமல் தட்டினேன். தவறு என்றது. என் விரல்கள் ஏலக்காய்ப் பிசினில் ஒட்டின. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். உள்ளே விட்டது.

பக்கத்தில் ‘கீழ் வழி போகாதீர்கள். மேல் வழியாக வாருங்கள்’ என்று எழுதினேன். பெட்டிக்குப் பாறையில் உள்ள அதே எண்ணைக் கையால் கொடுத்தேன். என் போனில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். வந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மறுபடி தட்டிப் பார்த்தேன். வரவில்லை.

ஒரு முறை வருகிறது, இரண்டு முறை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. யுபிஎஸ் கத்துவது வேகமானது. பிறகு நின்றது. மடிக்கணினியும் பெட்டியும் ஒன்றாக அணைந்தன.

கட்டடம் முழுக்க அமைதி. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும்.

இனிக் கையில் இருந்தது என் போன் ஒன்றுதான். அதிலிருந்து ரூட்டரின் உள்பக்கத்துக்குப் போனேன். யார் யாருக்கு எந்த எண் கொடுத்திருக்கிறது என்று அங்கே பட்டியல் இருக்கும். நான் தேடிய எண்ணுக்கு எதிரே ‘பாண்டி போன்’ என்று இருந்தது.

பாண்டியண்ணன் எங்கள் ஜீப்பு டிரைவர்.

ஹாரன்

அவர் வாசலில் ஜீப்புக்குள் உட்கார்ந்து, போனில் முன்பே இறக்கி வைத்திருந்த ஏதோ சினிமாக் காமெடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தார். ரூட்டர் அணைந்து எழுந்தபோது முதலில் போய் நின்றது அவருடைய போன். ரூட்டர் அதற்குப் பாறை முகவரியைக் கொடுத்துவிட்டது. ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் நின்றதால்தான் என் பக்கம் வந்தும் வராமலும் இருந்திருக்கிறது. ஊத்துப் பிளாக்கில் நிற்கும் பெண்கள் அந்த எண்ணைத் தட்டினால், கேட்பது பாண்டியண்ணனின் போனைத்தான்.

நான் ஓடிப் போனபோது அவர் மேலே பார்த்து, “மெட்டுல மூட்டம் எறங்கிருச்சு. இன்னும் என்ன பண்றாளுக?” என்று சொல்லிக்கொண்டே ஹாரனில் கை வைத்தார். மூன்று முறை ஹாரன் அடித்தால் ஜீப்பு கிளம்பப் போகிறது, வெரசா வாங்க என்று அர்த்தம்.

“அடிக்காதீங்க.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

“என்ன தங்கச்சி?”

“கீழ் வழியில யானை நிக்குதுண்ணே. உங்க போன்ல வைஃபை அணைங்க.”

“யானைக்கும் என் போனுக்கும் என்ன சம்பந்தம்? நான் சும்மா படம்தான பாக்கறேன்.”

“அணைங்கண்ணே.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனையே என் கையில் கொடுத்துவிட்டார். “எது வேணும்னாலும் அணைச்சுக்க ஆத்தா. வீட்டுப் படம் மட்டும் அழிஞ்சிறாமப் பாத்துக்க.”

அவர் போனை முழுவதுமாக அணைத்தேன். என் போனில் வைஃபை அமைப்புக்குள் போய், தானாக வரும் எண்ணை எடுத்துவிட்டு, பாறை எண்ணைத் தட்டினேன். மழைத்துளி பட்ட திரை விரலைக் கேட்கவில்லை. ஜீப்பு சீட்டில் கிடந்த துணியைக் கொடுத்து, “இதுல தொட, கிரீஸ் இருக்கும், பரவால்ல,” என்றார் பாண்டியண்ணன்.

சர்வர் செயலியைத் திறந்தேன். ‘இயங்குகிறது’ என்றது. அதன் அடிப்பகுதியில், யாராவது பக்கத்தைக் கேட்டால் ஒரு வரி வரும். நான் வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஒரு வரி வந்தது.

ஊத்துப் பிளாக்கில் யாரோ பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் நான் இன்னும் எதையும் எழுதவில்லை. போனில் இருந்தது, வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்த்த பக்கம். எங்கள் வெள்ளாட்டின் படமும், ‘ராணியின் ஆடு’ என்ற எழுத்தும்.

வரிகள்

ஒருத்தி வழியைக் கேட்டாள். நான் அவளுக்கு ஆட்டைக் காட்டியிருக்கிறேன்.

படத்தை எடுத்தேன். கட்டைவிரலால் எழுதினேன். கடையில் வேலை பார்த்த நாட்களில் பிழையில்லாமல் அடிப்பேன் என்று பெயர் வாங்கியவள். அன்று ‘கீழ்’ என்பதை இரண்டு முறை தவறாக அடித்து அழித்தேன். ‘கீழ் வழியில் யானை. வராதீங்க. மேல் வழியா, சத்தம் போடாம வாங்க. தங்கச்சன் எதிரே வர்றார்.’ அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தேன். ‘ராணி, அக்கா சொல்றேன்.’

சேமித்தேன். ஆனால் ஏற்கெனவே ஆட்டைத் திறந்தவளின் போனில் ஆடுதான் நிற்கும். அவளாக மறுபடி திறந்தால் ஒழிய அது மாறாது. வேறு யாராவது திறக்க வேண்டும். திறக்கச் சொல்ல எனக்கு வழியில்லை.

“என்ன ஆச்சு?” என்றார் பாண்டியண்ணன்.

நான் திரையை அவர் பக்கம் சாய்த்தேன். அவரும் சீட்டில் நகர்ந்து என் பக்கமாகக் குனிந்து அந்தச் சிறு திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. இருந்தாலும் பார்த்தார்.

மூட்டம் ஜீப்பின் முன்கண்ணாடி வரை வந்துவிட்டது. வேலை முடியும் நேரம் தாண்டியிருந்தது.

ஒரு வரி வந்தது. எண் வேறு, வேறு போன்.

அதன்கீழ் இன்னொன்று. உடனே மேலும் இரண்டு. பிறகு மளமளவென்று வரிகள் மேலேறின. யார் யாரோ திறக்கிறார்கள். ஏன் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு வரிகள் நின்றன. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

படித்தார்களா, நம்பினார்களா, இல்லை படிப்பதற்கு முன்பே ராணி இறங்கிப் போய்விட்டாளா என்று திரை சொல்லாது. அது கேட்டவர்களை மட்டும்தான் எழுதும்.

“ஜீப்ப எடுத்துட்டுப் போயிப் பாக்கட்டுமா?” என்றார் பாண்டியண்ணன்.

“சத்தம் கேக்கும்ணே.”

“ஆமா,” என்று சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் இருவரும் மேல் வழி முடியும் இடத்தில் போய் நின்றோம். பீடியைப் பற்றவைக்க எடுத்த பாண்டியண்ணன் பற்றவைக்காமலே காதில் செருகிக்கொண்டார். கீழே ஓடைப் பக்கம் ஏதோ ஒரு மரக்கிளை முறிந்தது. நன்றாகக் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

முதலில் தெரிந்தது தங்கச்சனின் சாக்கு. அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்கள் வந்தார்கள். நான் முகம் முகமாகப் பார்த்தேன். ராணி கடைசியில் வந்தாள்.

இறக்கம்

போடிமெட்டு தாண்டி முதல் வளைவு இறங்கிய பிறகுதான் ஜீப்புக்குள் வாய் திறந்தது. திறந்ததும் நிற்கவில்லை.

“அக்கா சொல்றேன், கொஞ்சம் தள்ளி ஒக்காரு,” என்றாள் ஒருத்தி.

“அக்கா சொல்றேன், காலை மிதிக்காத,” என்றாள் இன்னொருத்தி.

“ஆட்டைப் பாக்கத்தானடி எல்லாரும் போனத் தூக்குனோம். ‘ராணி ஆடு வந்திருக்கு, ராணி ஆடு வந்திருக்கு’ன்னு இவ சிரிச்சா பாரு. எனக்கும் காட்டுன்னு நான் தொறந்தா, ஆட்டக் காணோம், யானை வருது.”

அப்போதுதான் அந்த வரிகள் ஏன் அப்படி வந்தன என்று எனக்குத் தெரிந்தது. முன்சீட்டில் பாண்டியண்ணன், “என் போனுலயும் அந்த ஆட்டைப் போட்டுக் குடு தங்கச்சி,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வளைவில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

ராணி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலிடுக்கில் ஒட்டிய கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கடி நின்ன?” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

“நான் பாக்கலக்கா. நான் முன்னாலயே எறங்கிட்டேன்.”

“எது வரைக்கும்?”

“ஓடை வளைவு வரைக்கும். மேல இவளுக என் பேரைச் சொல்லிச் சிரிக்கிறது கேட்டுச்சு. என்னத்துக்குடி என் பேரச் சொல்றாளுகன்னு திரும்பி ஏறுனேன்.” கறையை மறுபடி சுரண்டினாள். “அங்க ஒரு வாசம் அடிச்சுச்சுக்கா. நனைஞ்ச சாக்கு வாசமா இருக்கும்னு நெனச்சேன்.”

ஜீப்பு அடுத்த வளைவில் திரும்பியது. மூட்டத்துக்குக் கீழே போடியின் விளக்குகள் தெரிந்தன. மற்றவர்கள் இன்னும் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ராணியின் முந்தானையைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும், “விடுக்கா, இறங்கணும்ல,” என்று அவள் சொன்ன பிறகும், என் கை அதை விடவில்லை.